துவானும் புவானும்

மலரும் ஜெயந்திரனும் பிரிந்தபோது கார் யாருக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ் கொண்டோ வீடு யாருக்கு, கல்யாணத்துக்கு வந்த பித்தளைப் பாத்திரம் யாருக்கு என்று இரண்டு பக்க வக்கீல்களும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். கூடத்து மூலையில் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த இரண்டு தேரைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவை மலருடையவை என்று மலருக்குத் தெரியும். ஜெயந்திரனுக்கும் தெரியும். அதனால்தான் அவன் கொடுக்க மறுத்தான்.

அவள் கடைசித் துணிப்பையையும் லிப்ட்டில் இறக்கிவிட்டுத் தொட்டியைத் தூக்க மேலே வந்தபோது அவன் அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“டேங்க்கைத் தொடாத.”

“என்ன விளையாட்டு இது? தள்ளுங்க.”

“பேப்பர்ல இல்ல. பேப்பர்ல எழுதாதது எல்லாம் வீட்டோட சேர்ந்தது. வீடு என்னோடது.”

“அது உயிரு. சோபா இல்ல.”

“அப்ப உன் லாயர் ஏன் எழுதல?”

ஜெயந்திரனுக்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஜனங்கள் கேட்டு வருவதை எந்த வரியைக் காட்டி மறுக்கலாம் என்று பார்ப்பதே அவன் தினசரிப் பிழைப்பு. அந்தக் குரலில் அவன் பேச ஆரம்பித்தால் அதற்கு மேல் பேச்சில்லை என்று மலர் கற்றிருந்தாள். அவனுடைய அக்கா ஜெயமாலா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவள், தம்பியோடுதான் இருந்தாள். தம்பி விட்டுவிட்ட குடும்பத்துச் சிலோன் தமிழை அவள் விடவில்லை.

“அக்கா, நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்கு இதுங்கள கண்டாலே ஆகாது” என்றாள் மலர்.

“எனக்கு ஏன் கதை? வீட்டுக்குள்ள சொறித் தவளை வளர்க்கிறது தோட்டத்து ஆக்களின்ட பழக்கம் எண்டு அண்டைக்கே சொன்னனான். நீர் கேக்கேல்ல.”

மலரின் அப்பா டெங்கில் பக்க ரப்பர்த் தோட்டமொன்றில் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து ஜெயமாலா அதை ஒவ்வொரு விஷயத்திலும் நினைவுபடுத்தி வந்தாள். ரசத்தில் புளி கூடினால் தோட்டம். குரல் உயர்ந்தால் தோட்டம். மலர் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

அந்தத் தேரைகள் வந்தது கிள்ளானில் பெரிய வெள்ளம் அடித்த வருஷம். மலரின் அண்ணன் ஜீவன் வீட்டில் தண்ணீர் கூரைவரை ஏறி இறங்கியிருந்தது. சேறு அள்ளப் போன மலர் வாஷிங் மிஷின் மூடியைத் திறந்தாள். உள்ளே, டிரம்மின் அடியில், இரண்டு தேரைகள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னதற்கு வலது முன்கையில் ஒரு விரல் இல்லை. வீட்டுமுன் சாக்கடையில் விடலாம் என்று தூக்கிப்போனாள். சாக்கடை முழுக்க டீசல் மினுமினுத்தது. மனசு வராமல் வாளியில் போட்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு வாரம் வைத்திருப்பதாகத்தான் நினைப்பு.

சின்னது எப்போதும் வயிற்றின்மேல் கைகளை வைத்துக்கொண்டு, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நாளை வா என்று சொல்லும் அரசாங்க அதிகாரி மாதிரி இருக்கும். அதனால் அதற்குத் துவான் என்று பேர் வைத்தாள். பெரியது பெண். அது புவான். மலாயில் ஐயாவும் அம்மாவும்.

பார்க்கப் பார்க்க அவளுக்கு அவற்றின்மேல் பித்துப் பிடித்தது. இரை வாய்க்குள் போனதும் கண்களை உள்ளே இழுத்து, அந்தக் கண்களாலேயே தொண்டைக்குள் தள்ளி விழுங்கும். தண்ணீரை வாயால் குடிக்காது, தட்டில் போய் உட்கார்ந்து அடிவயிற்றால் உறிஞ்சிக்கொள்ளும். தோல் உரியும்போது ஈரச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி இரண்டு கையாலும் இழுத்து, அதையே தின்றுவிடும். இதையெல்லாம் ஜெயந்திரனைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கமாட்டான். “கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு வா” என்பான். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன் இப்போது அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டான்.

மலர் கிள்ளானில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, துறைமுகத்துப் பக்கம் தான் வேலை செய்யும் கப்பல் சரக்கு ஆபீசுக்கு அங்கிருந்தே போய்வந்தாள். தேரைக்கு என்ன போடவேண்டும், எப்படித் தண்ணீர் வைக்கவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவனால் முடியாது, தானே வந்து காலில் விழுவான் என்று காத்திருந்தாள். அவற்றின் பசி அவளுக்குத் தெரிந்தும் காத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் அவனிடமிருந்து வாட்சப்பில் ஒரு படம் வந்தது. தட்டில் கொத்திய கோழிக்கறி, ஈ மொய்த்து, கறுத்துப்போய். பக்கத்தில் துவான், கண் குழிந்து, இடுப்பெலும்பு தெரிய. படத்துக்குக் கீழே ஒரே வரி. “உன் செல்லப்பிள்ளை சாப்பிட மாட்டேங்குது.”

“அசையறததான் தின்னும். பறவைக் கடையில சிள்வண்டு விக்கறான், உயிரோட வாங்கிப் போடுங்க. பைப் தண்ணிய அப்படியே ஊத்தாதீங்க, ஒரு நாள் திறந்து வெச்சு ஊத்துங்க, அதுல இருக்கற குளோரின் மருந்து தோல் வழியா ஏறும்” என்று தட்டி அனுப்பினாள். நீலக்குறி விழுந்தது.

அதற்குப் பிறகு அவன் படிக்க ஆரம்பித்தான். அவன் சுபாவம் அது. ஒரு விஷயத்தில் எதிராளி இருக்கிறான் என்றால் அதைக் கரைத்துக் குடித்துவிடுவான். செய்திகள் வர ஆரம்பித்தன. விசாரிப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் குற்றச்சாட்டு.

“புவான் அளவுக்கு மேல குண்டு. வெளிய இருக்கறது இப்படி இருக்காது. நாலு வருஷமா நீ தீனி திணிச்சிருக்க.”

“பகல்ல பூரா டியூப் லைட் எரிய விட்டிருக்க. இது இருட்டுல வாழற பிராணி.”

“தினம் கையில தூக்கி வெச்சு கொஞ்சுவியே, ஒவ்வொரு தடவையும் பயத்துல மூத்திரம் விட்டுச்சு பாரு, அது பாசம்னு நெனச்சியா?”

அவள் பதில் போட்டாள், திட்டினாள், ஒருமுறை நம்பரை பிளாக் செய்து அரைநாளில் எடுத்துவிட்டாள். ஏனென்றால் அவற்றைப் பற்றி வேறு வழியில் ஒரு சேதியும் வராது. பிறகு ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீளமாக ஒன்று வந்தது.

“ரெண்டும் ஆண் பெண் ஜோடி. வந்த நாள்லேர்ந்து ஒரே டேங்க். ஒரு தடவைகூட முட்டை இல்ல. ஏன்னு யோசிச்சியா? மழை வேணும். தேங்கின தண்ணி வேணும். மத்த ஆணுங்க கத்தறது காதுல விழணும். அப்பதான் அதுங்களுக்கு நேரம் வரும். நீ குடுத்தது ஒரு சாசர் தண்ணி.”

மலர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள். மழைக்காலம் வந்தால் துவான் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். முன்கை விரல்கள் கறுத்துச் சொரசொரப்பாகும், தொண்டை மஞ்சளிக்கும். பசி என்று நினைத்து இன்னும் நாலு சிள்வண்டைப் போடுவாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எப்படியும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தாள். மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியோடு கொமுட்டர் ரயிலேறி, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடந்தாள். கதவைத் திறந்தது ஜெயமாலா. மலர் அவளைத் தள்ளாத குறையாக உள்ளே போனாள்.

கூடத்து மூலை காலியாக இருந்தது. தொட்டி பால்கனியில், கழுவிக் கவிழ்த்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

“எங்க?”

ஜெயந்திரன் சோபாவை விட்டு எழவில்லை. “விட்டுட்டேன்.”

“எங்க விட்டீங்க?”

“அதுங்க இருக்கவேண்டிய இடத்துல.”

“வளர்த்ததை வெளிய விட்டா சாகும். பூனை இருக்கு, காரு இருக்கு, வேட்டையாடத் தெரியுமான்னுகூடத் தெரியாது. இதெல்லாம் படிச்ச புத்தகத்துல போடலையா?”

“பத்து நாள் பட்டினி போட்டுப் பழக்கி, மண்ணுல கறையான் விட்டு வேட்டையாட வெச்சுதான் விட்டேன். நல்லா தின்னுச்சு. உன்கிட்ட இருந்ததைவிட நல்லா.”

“எந்த இடம்னு சொல்லுடா!”

அவள் அவனை ‘டா’ போட்டது அதுதான் முதல்தடவை. அவன் சிரித்தான். எழுந்து வந்து பால்கனிக் கதவில் சாய்ந்துகொண்டு, குரலைத் தூக்காமல், இன்சூரன்ஸ் கம்பெனிக் குரலில் சொன்னான்:

“உன் கையில இருந்தா எதுவுமே முட்டை வெக்காது, மலர். தேரைகூட.”

கல்யாணமாகி அவர்கள் ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகளும், இரண்டு தடவை கரு தங்கி, தங்காமல் போனதும் அந்தக் கூடத்தில் இருந்த மூவருக்கும் தெரியும். ஜெயமாலா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். “தம்பி!” என்றாள்.

மலர் அழவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிப்ட் பொத்தானை அழுத்தினாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெயமாலா.

“பழைய ரயில்வே குவார்ட்டர்ஸை இடிச்சுப் போட்ட காணி இருக்கெல்லே, ஆத்துப் பக்கம், தகரம் அடிச்ச இடம். அங்கதான் கொண்டுபோய் விட்டவன்” என்றாள் மலரின் முகத்தைப் பார்க்காமல். “நான் சொன்னது எண்டு சொல்லவேண்டாம். உம்மில இரக்கப்பட்டுச் சொல்லேல்ல. இந்த வீட்டு வாசலுக்கு நீர் இனி வரக்கூடாது, அதுக்குத்தான்.”

“வரமாட்டேன்” என்றாள் மலர்.

தகரவேலியில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது. உள்ளே இடுப்பளவு லாலாங் புல், உடைந்த ஓடுகள், கான்கிரீட் துண்டுகள், அடித்தளம் தோண்டிவிட்டு நின்றுபோன பள்ளங்கள். பள்ளங்கள் காய்ந்து வெடித்திருந்தன. அன்று முழுக்க பலகை பலகையாகப் புரட்டிப் பார்த்தாள். பூரான், நத்தை, யாரோ வீசிய தலையணை. அடுத்து வந்த நாட்களில் ஆபீஸ் விட்டு நேரே ரயிலேறி வந்து இருட்டும்வரை தேடினாள். அங்கே காவலுக்கு இருந்த நேப்பாளி கார்டு முதலில் விரட்டினான். மலாயில் “காத்தாக்” என்று சொல்லி அவள் தேரை மாதிரி குந்திக் காட்டியதும் பைத்தியம் என்று நினைத்து விட்டுவிட்டான். கிடைத்த தேரைகளில் ஒன்றும் அவளுடையது இல்லை.

அப்புறம் மழை வந்தது. மத்தியானத்தில் பிடித்து, ரோடெல்லாம் ஓடி, ஆறு மணிக்கு மேல்தான் விட்டது. மலர் சென்ட்ரலில் இறங்கியபோதே கேட்டது. வண்டிச் சத்தத்துக்கு அடியில், வேலிக்குப் பின்னாலிருந்து, நூறு தையல் மிஷினை ஒன்றாக மிதித்த மாதிரி ஓர் இரைச்சல். பள்ளங்கள் நிறைந்திருந்தன. ஓரமெல்லாம் தேரைகள், தொண்டையைப் பந்தாக ஊதி, ஒன்றை ஒன்று தள்ளி, ஏறி, விழுந்து. ஒரு பெண்ணுக்கு நாலு ஆண் அடித்துக்கொண்டன. தப்பாகக் கட்டிப்பிடிக்கப்பட்ட ஆண்கள் கிக் கிக் என்று கத்தி உதறின. அவள் வீட்டுத் தொட்டியில் ஒருநாளும் பார்க்காத முரட்டுத்தனம்.

செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, போன் வெளிச்சத்தை ஒவ்வொரு தேரையின் முன்கையிலும் காட்டிக்கொண்டே போனாள். மூன்றாவது பள்ளத்தில், மிதந்த பலகையோரம், ஒரு பெருத்த பெண்ணின் முதுகில் சின்னது ஒன்று அக்குளுக்குள் கைகொடுத்து இறுக்கிக்கொண்டிருந்தது. வலது கையில் ஒரு விரல் இல்லை.

“துவான்” என்றாள் சத்தமாக.

அது அவளைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் புவான் இல்லை, முகத்திலேயே தெரிந்தது. அவள் இரண்டையும் சேர்த்து அள்ளிப் பெட்டிக்குள் வைத்தாள். துவான் பிடியை விடவில்லை. அப்போதுதான் பார்த்தாள், பெட்டியின் விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் இரண்டு கண்ணாடி நூல்கள் நீண்டு போயின, உள்ளே கடுகு கோத்த மாதிரி கருப்புக் கருப்பாக. அவள் தூக்கியபோதும் அந்தப் பெண் முட்டையிட்டுக்கொண்டேதான் இருந்தது. நூல் அவள் மணிக்கட்டில் சுற்றி வழுவழுவென்று இழுபட்டது.

அவள் தண்ணீரிலேயே நின்றாள். அவன் எழுதியதெல்லாம் சரி. மழை, தேங்கின தண்ணீர், மற்ற ஆண்களின் சத்தம், ஒவ்வொரு வரியும். அவன் சொன்னது தப்பாக இருந்திருந்தால் அவளால் மன்னிக்கக்கூட முடிந்திருக்கும். சரியாகச் சொன்னான், சரியென்று தெரிந்து, அவளைக் குத்துவதற்காகச் சொன்னான்.

பெட்டியைத் தண்ணீரில் அமிழ்த்திச் சாய்த்தாள். அவை நகர்ந்து பலகையடிக்குப் போயின. நூலை மணிக்கட்டிலிருந்து அறுந்துவிடாமல் கழற்றி விட்டாள்.

கரையேறிச் செருப்பை மாட்டும்போது வேலியில் தகரம் கிறீச்சிட்டது. ஜெயந்திரன். ஆபீஸ் சட்டை, பேண்ட்டை முழங்கால்வரை மடித்திருந்தான், கையில் டார்ச். அவளைப் பார்த்ததும் நின்றான்.

“அக்கா சொன்னாளா?” என்றான். கோபமில்லை. “வேலைக்குப் போறதுக்கு முந்தி எத்தனையோ தடவை வந்து பார்த்துட்டேன். இன்னிக்குத்தான் முதல் பெரிய மழை.” அவன் கண் அவள் கையிலிருந்த காலிப் பெட்டிக்குப் போனது. “பாத்தியா? கண்ணுல பட்டுச்சா?”

அவன் கேட்ட விதத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவற்றை எதிராளியிடமிருந்து பறித்து வைத்துக்கொண்டவன், கறையான் தேடிப் போட்டவன், எப்போதோ அவற்றின்மேல் உயிரை வைத்துவிட்டிருந்தான். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவளிடம் எதைப் பற்றியும் அவன் இப்படிக் கேட்டதில்லை.

“செத்துடுச்சு” என்றாள்.

“என்ன?”

“ரெண்டும். அந்தப் பக்கம் லோரி வர்ற வழியில. நசுங்கிக் கிடந்துச்சு.”

“துவானா? உனக்கு எப்படி…”

“விரலைப் பார்த்தேன். வேற எப்படி?”

“எங்க இருக்கு? காட்டு.”

“அள்ளி ஆத்துல போட்டுட்டேன். உன்கிட்ட காட்டணும்னு வெச்சிருப்பேனா?”

டார்ச் வெளிச்சம் அவன் காலடியில் ஒரே இடத்தில் நின்றது. பின்னால் பள்ளத்தில் இரைச்சல் நிற்கவில்லை. “நான் இடம் பாத்துத்தான்… வேற தேரை இருக்கான்னு பாத்துட்டுத்தான் விட்டேன்” என்றான். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“நீதான் கொன்ன” என்றாள் மலர். “வெள்ளத்துல சாகாததை நீ கொன்ன.”

அவனைத் தாண்டி இடைவெளியில் நுழைந்து வெளியே வந்தாள். ஸ்டேஷன்வரை திரும்பிப் பார்க்கவில்லை. ரயிலில் பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா அவள் சேற்றுக் காலைப் பார்த்து மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தாள். மலரும் அவளை முறைத்துப் பார்த்தாள்.

மழைக்காலம் முழுக்க ஜெயந்திரனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. போன் வந்தது ஜெயமாலாவிடமிருந்து, வேலைநேரத்தில். மலர் எடுக்கலாமா என்று யோசித்து எடுத்தாள்.

“உமக்குப் போன் பண்ணுவன் எண்டு நான் நினைக்கேல்ல” என்றாள் ஜெயமாலா. “அவன் ஒவ்வொரு மழைக்கும் அந்தக் காணிக்குப் போறான். நனைஞ்சு வாறான், காய்ச்சல் வந்தாலும் போறான். தவளையளை ஒவ்வொண்டாப் பிடிச்சுக் கையைப் பாக்கிறானாம். கார்டு பொலிசைக் கூப்பிடுவன் எண்டு சொல்லியிருக்கிறான். செத்தது எண்டு நீர் சொன்னதை அவன் நம்பவும் இல்ல, நம்பாமலும் இல்ல.”

மலர் கையிலிருந்த பேனாவை மூடிவைத்தாள்.

“அண்டைக்கு அவன் சொன்ன சொல்லு பெரிய பிழை. நான் அவனோட அதுக்குச் சண்டை பிடிச்சனான். அது வேற. இதுக்கு மட்டும் உண்மையைச் சொல்லும். உண்மையாச் செத்ததோ?”

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன்கள் வெயிலில் நின்றன. ஒரு வார்த்தை போதும். இந்நேரம் அந்தப் பள்ளங்களில் தலைப்பிரட்டைகள் கூட்டம் கூட்டமாய்க் கால் முளைத்துக் கரையேறியிருக்கும், போய்ப் பார்க்கச் சொல்லலாம். அவனுக்கு அது பிடிக்கும். அவன் பால்கனிக் கதவில் சாய்ந்து நின்ற விதம் மலருக்கு ஞாபகம் வந்தது.

“செத்துடுச்சு அக்கா.”

ஜெயமாலா மூச்சுவிடுவது கேட்டது. இருபத்தைந்து வருஷம் வகுப்பில் பொய் கேட்டுப் பழகியவள்.

“நீர் அவனைவிடப் பொல்லாத ஆள்” என்றாள்.

“இருக்கலாம் லா” என்று மலர் போனை வைத்தாள்.

இதைச் சொல்லும்போது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. எதிர்மேசைப் பெண் “யாரு அக்கா? என்னா ஆச்சு?” என்று கேட்டாள். “தெரிஞ்சவங்க” என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வந்து நின்ற கப்பலின் பேப்பர்களை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் மறுபடி மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளங்களுக்குப் போவான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஜெயமாலாவைத் திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லவில்லை.